இடது கையும் சைக்கிள் சாவியும்

நடக்க வருவதற்கு முன்பே எனக்கு சைக்கிள் ஓட்ட வந்துவிட்டது. சொன்னால் சிரிக்கிறார்கள். இது நடந்தது என் அறுபத்தொன்பதாவது வயதில்.

ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தேன். இடது கையில் இருந்த தண்ணீர் தம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனால் கை வரவில்லை. யாரோ ஒருவருடைய கையை என் தோளில் மாட்டிவிட்டுப் போன மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. காலும் அப்படியே. மூளையில் ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர். எனக்கு அடைப்பு புதிதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்பு இதயத்தில் ஒன்று அடைத்து, அதற்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. சர்க்கரை வியாதி இருபது வருஷமாக வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டே தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை வாரம் மூன்று நாள் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தவன் நான். மூன்றாவதாக வந்ததுதான் என்னைப் படுக்க வைத்தது.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அந்த நாட்கள் எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். இடது கால் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது. தெருவில் இருக்கிறவர்கள் முகத்தில் அந்தப் பரிதாபம் தெரிந்தது. எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

இரண்டாம் மாதம் ஒரு நாள் மத்தியானம், மனைவி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வீட்டு நடையில் என் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. இரட்டைக் கம்பி வைத்த கறுப்பு சைக்கிள், எடை அதிகம். எனக்கு ஒரு சந்தேகம், இந்தக் கால் மிதிக்குமா என்று. வேறு எதுவும் இல்லை, வெறும் சந்தேகம். வாசற்படியில் ஏறி நின்று, வண்டியைச் சாய்த்து, வலது காலை அந்தப் பக்கம் போட்டு, இடது கையை எடுத்து ஹேண்டில்பாரில் வைத்தேன். அது கொக்கி மாதிரி அங்கே மாட்டிக்கொண்டு கிடந்தது. படியை ஓர் உந்து உந்தினேன். சைக்கிள் போனது. இழுத்துக்கொண்டு வந்த அந்தக் கால், பெடலோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி வந்தது. தெரு முனை வரை போனேன். அந்தக் காலை இழுத்துக்கொண்டு நடந்தால் கால் மணி நேரம் ஆகும் தூரம். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

தெரு முனையில் எதிரே அரிசிப் பையோடு மனைவி வந்துகொண்டிருந்தாள்.

அவள் முப்பது வருஷம் மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைத்தவள். முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவள். நடுத்தெருவில் கத்தவில்லை. வண்டியைப் பிடித்து, என்னை இறக்கி, வீட்டுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்த பிறகுதான் பேசினாள்.

"ஓட்டணுமா? ஓட்டு. நான் வேணாம்னா நீ கேக்கப்போறது கெடையாது. ஆனா ஒரு வாட்டி வுழுந்த, அன்னிக்கோட சைக்கிள் போச்சு. காயலான் கடைக்காரன கூப்டு நானே தூக்கிக் குட்த்துடுவேன். சம்மதமா?"

"சம்மதம்மே" என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் சொன்னால் சொன்னதுதான்.

நடக்காத கால் எப்படி மிதிக்கிறது என்பது என் மண்டையைக் குடைந்தது. ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் சின்ன வயசுப் பெண். அவளிடம் கேட்டேன். "நடக்கும்போது ஒவ்வொரு அடியையும் கால் தானா முடிவு பண்ணணும் ஐயா. பெடல்ல அந்த வேலை கிடையாது. நல்ல கால் சுத்துறப்ப இந்தக் காலையும் இழுத்துக்கிட்டுப் போயிடுது" என்றாள். சரி என்றேன். இருந்தாலும் எனக்கு முழுத் திருப்தி வரவில்லை. பெடலில் இருந்து வலது காலை எடுத்துவிட்டு இடது காலால் மட்டும் மிதித்துப் பார்த்தேன். அரைச் சுற்று வந்து நின்றது. ஒரு மாதம் கழித்து முக்கால் சுற்று வந்தது.

ஓட்டுவதில் கஷ்டம் இல்லை. ஏறுவதும் இறங்குவதும்தான் கஷ்டம். எங்கள் பக்கத்து ஆண்கள் சைக்கிள் ஏறுகிற விதம் உங்களுக்குத் தெரியும். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் நாலு எட்டு தத்தி, வண்டி நகர ஆரம்பித்ததும் காலைத் தூக்கிப் பின்பக்கமாகச் சுழற்றிப் போட்டு உட்காருவது. ஐம்பது வருஷம் நான் அப்படித்தான் ஏறினேன். இப்போது அது முடியாது. எனக்கு ஒரு கல் வேண்டும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே உயரம் இருக்கிற, ஆடாத ஒரு கல். ஏறவும் அது, இறங்கவும் அது.

தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது இந்த எண்ணூர் ரோட்டில் எத்தனை கற்கள் என்று. காசிமேட்டில் வலை காயப்போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உடைந்த சிமென்ட் தூண் ஒன்று. கடல் அரிக்காமல் இருக்கப் போட்ட பாறைகளில் ரோட்டோரமாக ஒதுங்கிய இரண்டு. திருவொற்றியூரில் ஒரு டீக்கடை வாசல். எர்ணாவூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவர். இத்தனை வருஷம் இவை எதையும் நான் பார்த்ததே இல்லை. கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருக்கிறேன், கடலைப் பார்த்திருக்கிறேன், மணலிப் பக்கம் காற்று திரும்பினால் என்ன நாற்றம் வரும் என்பதுகூடத் தெரியும். கல் மட்டும் கண்ணில் பட்டதில்லை. இப்போது கல்லுக்குக் கல் தாவிப் போனேன். நாலாவது மாதத்தில் எர்ணாவூர் வரை வந்துவிட்டேன்.

கால் தேறியது. கை தேறவில்லை. தோள் உயரம் வரை வரும், அங்கே நின்றுவிடும். விரல்கள் ஆரஞ்சுப் பழத்தைப் பிடித்திருக்கிற மாதிரி பாதி மடங்கும். அதற்கு மேல் மடங்காது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆஸ்பத்திரியில் அந்த பிசியோதெரபிஸ்ட் பெண், கை எட்டுகிற உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போடுவாள். ஆறு வாரமாகக் கோடு ஒரே இடத்தில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தக் கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் நான் சிக்னல்மேன். கப்பலின் அடிவயிற்றில் சரக்கு இருக்கும். மேலே கிரேன் ஓட்டுகிறவனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நடுவில், சரக்கறையின் விளிம்பில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து அவனுக்குக் கையைக் காட்டுவது என் வேலை. அந்த இரைச்சலில் குரல் எடுபடாது. விழுந்துவிடாமல் இருக்க வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். ஆகவே பேசுகிற கை இடது கை. விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கீழே அசைத்தால் இறக்கு. கையை உயரத் தூக்கி முஷ்டியை மூடினால் அப்படியே நில். இந்த மூன்றாவதற்கு மட்டும் கேள்வி கிடையாது. யார் காட்டினாலும் கிரேன் நிற்க வேண்டும். சுற்றிப்பார்க்க வந்த ஆள் காட்டினாலும் நிற்க வேண்டும்.

எர்ணாவூரில் அப்போது மழைநீர்க் கால்வாய் வேலை நடந்துகொண்டிருந்தது. ரோட்டோரம் பள்ளம் தோண்டி, பெரிய கான்கிரீட் பெட்டிகளை கிரேனில் தூக்கி உள்ளே இறக்கினார்கள். காலை எட்டு மணி இருக்கும். நான் மெதுவாக மிதித்துக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டப் பார்த்தேன். ஒரு பெட்டி சங்கிலியில் தொங்கியபடி இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்துக்குள் ஒரு தொழிலாளி, ஏற்கெனவே வைத்த பெட்டியின் விளிம்பில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தான். கிரேன்காரன் கண்ணுக்கு அவன் தெரிய வாய்ப்பில்லை. சிக்னல் காட்ட வேண்டியவன் அந்தப் பக்கம் திரும்பி போனில் பேசிக்கொண்டிருந்தான். தொங்குகிற பெட்டி லேசாகத் திரும்பியது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. என் கை மேலே போனது. அவ்வளவுதான். முஷ்டி மூடியது. வலது கை என்ன நினைத்ததோ, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துவிட்டது. வண்டி நின்றது. ஊன்றுவதற்கு இடது கால் சரியான நேரத்துக்கு வரவில்லை. பக்கத்தில் கொட்டியிருந்த மணல் மேல் வண்டியோடு சாய்ந்தேன்.

கிரேன் நின்றிருந்தது. பெட்டி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் இருந்தவன் மேலே பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். நான் காட்டாவிட்டாலும் எடுத்திருப்பானோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. கிரேன்காரன் இறங்கி ஓடி வந்து என்னைத் தூக்கினான்.

"இன்னா நைனா, அடிகிடி பட்டுச்சா?"

"நீ ஏன் நிறுத்தின?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"கை தெரிஞ்சிச்சு, நிறுத்திட்டேன். யார் கைன்னுலாம் பாக்கல" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எந்தக் கை? வலது கை பிரேக்கில் இருந்தது. மணலில் உட்கார்ந்தபடியே இடது கையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மடியில் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். தோள் வரை வந்தது, நின்றது. மூடிப் பார்த்தேன். ஆரஞ்சுப் பழம். இன்னொரு முறை. அதே. அங்கே இருந்தவர்கள் எனக்குத் தலையில் அடிபட்டுவிட்டது என்று நினைத்து சோடா வாங்கப் போனார்கள்.

முழங்கையில் ஒரு சிராய்ப்பு. முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தேன். மணலைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கை மேலே போன விஷயம் எவ்வளவு பெரிய விஷயம், அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் எங்கே போனது, எப்போது போனது என்று கேட்பார்கள். கையைச் சொல்ல வேண்டுமானால் விழுந்ததையும் சொல்ல வேண்டும். விழுந்ததைச் சொன்னால் சைக்கிள் போய்விடும். சைக்கிள் போனால் நான் மறுபடியும் சுவரைப் பிடித்து நடக்கிற ஆள். ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாரும் இல்லாதபோது மாடியில் போய் நின்று, போகிற வருகிற லாரிகளுக்கெல்லாம் கையைக் காட்டிப் பார்த்தேன். ஒரு லாரிக்கும் கை எழவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது. அந்தப் பெண் கோடு போட்டாள். பழைய கோட்டின் மேலேயே விழுந்தது. பென்சிலை வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, கைக்கு இதுக்கு மேல வராதுன்னு நினைக்கிறேன். இனி காலுக்கு மட்டும் பயிற்சி கொடுப்போமா?"

மனைவி "செரிம்மா" என்றாள். அவள் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"கை போகுது" என்றேன். இருவரும் திரும்பினார்கள். சொல்லிவிட்டேன். பெட்டி, பள்ளம், போனில் பேசியவன், மணல், எல்லாவற்றையும்.

அந்தப் பெண் பென்சிலை மறுபடியும் எடுத்தாள். அவள் ஆச்சரியப்படவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். "சில பேருக்குக் கொட்டாவி விடும்போது அந்தக் கை தானா மேல போகும் ஐயா. நாம தூக்குன்னு சொன்னா ஒரு வழியில சேதி போகுது, அது அடைஞ்சிருக்கு. தானா தூக்குறப்ப வேற வழியில போகுது போல. மேல எதையாவது வச்சு, எடுக்கச் சொல்லிப் பழக்கிப் பாக்கலாம். முழுசா வரும்னு என்னால சொல்ல முடியாது." என்னைவிட அவளுக்குக் கேள்விகள் அதிகமாக இருந்தன. முஷ்டி முழுதாக மூடியதா, கட்டைவிரல் உள்ளேயா வெளியேயா என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம். உள்ளே நுழைந்ததும் மனைவி சைக்கிளைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். காயலான் கடைக்கு எப்போது சொல்லி அனுப்பப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வுழுந்தது போவட்டும்" என்றாள். "ஆஸ்பத்திரியில பதினோரு நாளு அந்தக் கையப் புட்ச்சிகினு குந்தினு இருந்தேன்யா. ஒரே வாட்டி, ஒரு வாட்டியாவது திருப்பி அழுத்துவியான்னு பாத்துகினே இருந்தேன். அழுத்தவே இல்ல. ஒரு கான்கிரீட்டு பொட்டிக்கு மூடிக்கிச்சா அந்தக் கை?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. அந்தக் கை கப்பலில் முப்பத்திரண்டு வருஷம் ஓயாமல் பேசியது. வீட்டில் இவளிடம் என்ன பேசியது என்று யோசித்துப் பார்த்தேன். இவள் சோறு போடும்போது தட்டுக்கு மேலே விரிந்து 'போதும்' என்று காட்டியிருக்கிறது. அதைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ரொம்ப வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் முக்காலி போட்டு ஏறி, நடையின் சுவரில் உயரமாக ஓர் ஆணி அடித்தாள். சைக்கிள் சாவியை அதில் மாட்டினாள்.

"வுழுந்தா சைக்கிள் போச்சுன்னு சொன்னேன். போனது போனதுதான். வேணும்னா அந்தக் கையால எடுத்துக்க. வலது கை போச்சுன்னா தெரியும் சேதி."

முதல் நாள் தோள் வரை. இரண்டாம் நாள் தோள் வரை. சாவியைக் கான்கிரீட் பெட்டி என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். கை ஏமாறவில்லை. கொட்டாவி விட்டால் போகும் என்று அந்தப் பெண் சொன்னாளே என்று, தூங்கி எழுந்ததும் நேராகப் போய் ஆணிக்குக் கீழே நின்றேன். வராத கொட்டாவியை வரவழைக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் நிஜமான கொட்டாவி வந்து, கை நாலு விரற்கடை கூடுதலாக எழும்பியது. கொட்டாவி முடிந்ததும் கையும் இறங்கிவிட்டது. மனைவி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளும் வந்து நிற்க ஆரம்பித்தாள். என் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைப்பாள். தூக்கிவிட மாட்டாள், வைத்திருப்பாள். கை எழும்பினால் அவள் கையும் கூடவே வரும். வாரத்துக்கு ஒரு முறை சைக்கிளுக்கு நான் காற்று அடித்து வைத்தேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

ஏழாவது வாரம் நடுவிரல் சாவியைத் தொட்டது. தொட்ட வேகத்தில் சாவி ஆணியிலிருந்து கழன்று கீழே விழுந்தது. நான் குனிவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"தட்டி வுட்டா எடுத்தா மாதிரியா? புடிக்கணும்" என்று சொல்லி மறுபடியும் மாட்டினாள்.

இன்னும் மூன்று வாரம் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, காபி குடித்துவிட்டுப் போய் நின்றேன். கொட்டாவி இல்லை, பெட்டி இல்லை. அவள் கை முழங்கைக்குக் கீழே வந்தது. என் கை எழும்பியது. விரல்கள் சாவியைச் சுற்றி மெதுவாக, ஒன்று ஒன்றாக மடங்கின. அப்படியே கீழே இறக்கினேன். சாவி உள்ளே இருந்தது.

அவள் நம்பவில்லை. சாவியின் வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நான் விடவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். அப்போதும் வரவில்லை. பிறகு இழுப்பதை விட்டுவிட்டு, சாவியோடு சேர்த்து என் விரல்களையும் பிடித்துக்கொண்டாள். நான் அழுத்தினேன். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தெருவில் தண்ணீர் லாரி வந்து போனது.

"வெயில் ஏறிடும். போய்ட்டு வா" என்றாள். கையை மட்டும் விடவில்லை.